ஒரே மழை, பல காடுகள்



இன்றைய பேச்சு காட்டைப் பற்றியது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் காட்டைப் பற்றியது.

"காட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வீட்டுக்குப் பின்னால் காடு. வயலுக்கு அப்பால் காடு. தினமும் பார்ப்பதுதானே?" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். ஆனால் தினமும் பார்க்கும் பொருளைப் பற்றித்தான் நாம் குறைவாகக் கேள்வி கேட்கிறோம். இன்று இரண்டு கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி இது. இந்தத் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாட்டில் பெய்யும் மழையைப் போல மூன்று மடங்கு. இந்த மழை மேட்டிலும் பெய்கிறது, பள்ளத்திலும் பெய்கிறது. ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே காடு இல்லை. ஓர் இடத்தில் மரம் வானத்தைத் தொடுகிறது. இன்னோர் இடத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. ஓர் இடத்தில் ஆண்டு முழுவதும் பச்சை. இன்னோர் இடத்தில் மாசி பங்குனியில் மொட்டை மரம். மழை ஒன்று. காடு மட்டும் ஏன் பல?

இரண்டாவது கேள்வி இது. இவ்வளவு மழை பெய்தும், கோடையில் குடிதண்ணீருக்கு ஏன் குடத்தோடு காத்திருக்கிறோம்?

இரண்டு கேள்விக்கும் விடை ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அது நம் காலுக்குக் கீழே இருக்கிறது.

தீவு என்பது மலை

முதலில் தீவு என்றால் என்ன என்று பார்ப்போம். தீவு தண்ணீரில் மிதக்கும் தட்டு அல்ல. கடலுக்கு அடியில் ஒரு நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. வடக்கே பர்மா எனப்படும் மியான்மரில் இருந்து தெற்கே இந்தோனேசியாவின் சுமத்ரா வரை அது போகிறது. அந்த மலைத்தொடரில் தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதிகளே அந்தமான் நிக்கோபார் தீவுகள்.

இவை வடக்கு தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றன. மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். வடக்கு அந்தமானில் உள்ள சேடில் பீக் என்ற சிகரம்தான் மிக உயரமானது. அதன் உயரம் 732 மீட்டர். பெரிய நிக்கோபாரில் உள்ள துல்லியர் மலை 642 மீட்டர்.

தீவு மலையாக இருப்பதால் சமநிலம் குறைவு. சரிவு அதிகம். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

கடலில் இருந்து மலைக்கு ஒரு நடை

இப்போது மனதுக்குள் ஒரு நடை போவோம். கடல் ஓரத்தில் தொடங்கி மலை உச்சி வரை நடப்போம்.

முதலில் உப்பங்கழி. காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. ஒரு நாளில் இரண்டு முறை கடல்நீர் ஏறி இறங்குகிறது. தென்னை மரத்தை இங்கே நட்டால் அழுகிப் போகும். ஆனால் கண்டல் மரம் வாழ்கிறது. அலையாத்தி மரம் வாழ்கிறது. கண்டல் மரம் பந்தல்கால் ஊன்றியது போல வேர்களை ஊன்றி நிற்கிறது. அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே விரல் விரலாக வேரை நீட்டி மூச்சு விடுகிறது. கண்டல் மரத்தின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீளமாகத் தொங்குகிறது. விழும்போது ஈட்டி போலச் சேற்றில் குத்தி நிற்கிறது. சேற்று மண்ணுக்கு ஏற்ற மரம் இது.

அடுத்தது மணல் கரை. மணலில் உப்புக் காற்று வீசும். தண்ணீர் நிற்காது. இங்கே புன்னை, பூவரசு, தாழை இருக்கின்றன. தீவு மக்கள் சீ மோவா என்று அழைக்கும் உறுதியான மரமும் இருக்கிறது. புன்னையும் பூவரசும் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் உண்டு. கடல் வேறு ஊராக இருந்தாலும் மணல் ஒன்றுதான். அதனால் மரமும் ஒன்றாக இருக்கிறது.

இன்னும் உள்ளே போவோம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மேட்டில் இருந்து மழைநீர் கொண்டு வந்த வண்டல் இங்கே தங்கியிருக்கிறது. மண் ஆழமாக இருக்கிறது. ஈரம் கோடையிலும் காய்வதில்லை. இங்கேதான் பெரிய பசுமைக் காடு இருக்கிறது. கர்ஜன் மரம் 40 மீட்டருக்கும் மேல் வளர்ந்து நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உயரம் அது. அதன் கீழே நடுத்தர மரங்கள். அதற்கும் கீழே பிரம்பும் கொடியும். பகலிலும் அரை இருட்டு.

இனிச் சரிவில் ஏறுவோம். பாறைக்கு மேலே மண் மெல்லியதாக இருக்கிறது. மழை பெய்த உடனே தண்ணீர் வடிந்துவிடுகிறது. இங்கே படாக் மரம் வளர்கிறது. படாக் நம் வேங்கை மரத்துக்கு உறவு. செஞ்சந்தன மரத்துக்கும் உறவு. உலகத்திலேயே அந்தமானில்தான் இது இயற்கையாக வளர்கிறது. தை மாதம் தொடங்கி மழை இல்லாத மாதங்களில் இந்தச் சரிவுக் காட்டின் பல மரங்கள் இலையை உதிர்த்துவிடுகின்றன. ஏன்? இலை வழியாக நீர் ஆவியாகிப் போகும். மண்ணில் ஈரம் இல்லாதபோது இலையை வைத்திருந்தால் மரம் காய்ந்துவிடும். வருமானம் குறைந்த மாதத்தில் செலவைக் குறைக்கும் குடும்பத்தைப் போல மரம் நடந்துகொள்கிறது.

கடைசியாக மலை உச்சி. அங்கே மண் இன்னும் குறைவு. காற்று மிகவும் பலம். அங்கே உள்ள மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, நெருக்கமாக நிற்கின்றன. மழைக்கு அங்கே குறைவில்லை. மண்ணுக்குத்தான் குறைவு.

முதல் கேள்விக்கு இப்போது பாதி விடை கிடைத்துவிட்டது. மழை ஒன்றாக இருக்கலாம். அந்த மழையை மண் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதுதான் காட்டை முடிவு செய்கிறது. ஆழமான மண் நிறைய பிடிக்கும். மெல்லிய மண் கொஞ்சம்தான் பிடிக்கும்.

நம் முன்னோர்கள் இதைக் கவனித்தவர்கள். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடலுக்கு நெய்தல், வறண்ட இடத்துக்குப் பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் மரம், பூ, பறவை, தொழில் என்று தனித்தனியாகச் சொன்னார்கள். நிலம் மாறினால் வாழ்க்கையும் மாறும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல.

மண் எங்கிருந்து வருகிறது?

மண் பாறையில் இருந்து வருகிறது. வெயிலும் மழையும் வேரும் சேர்ந்து பாறையை உடைக்கின்றன. பாறை எப்படியோ மண்ணும் அப்படி.

மணற்கல் உடைந்தால் மணல் கலந்த மண் கிடைக்கும். நீர் சீக்கிரம் வடியும். களிப்பாறை உடைந்தால் களிமண் கிடைக்கும். நீர் தங்கும். பவளப் பாறை உடைந்தால் சுண்ணாம்பு மண் கிடைக்கும். கார் நிக்கோபார் தீவு பெரும்பாலும் சமமான பவளத் தரை. அங்கே தென்னை செழிப்பதை எல்லோரும் அறிவார்கள்.

மண் இல்லாத இடமும் தீவுகளில் உண்டு. பாரன் தீவு இந்தியாவில் இப்போதும் நெருப்பைக் கக்கும் எரிமலை. நூறு ஆண்டுகளுக்கும் மேல் அடங்கியிருந்த அந்த மலை 1991-ஆம் ஆண்டு மீண்டும் வெடித்தது. அதற்குப் பிறகும் பல முறை புகையும் குழம்பும் வெளிவந்தன. குழம்பு ஓடி இறுகிய இடம் வெறும் கருங்கல். அங்கே மழை பெய்கிறது. ஆனால் காடு இல்லை. காரணம், மண் இன்னும் பிறக்கவில்லை. அதே தீவில் குழம்பு போகாத வெளிச் சரிவுகளில் மரங்கள் இருக்கின்றன.

காட்டின் சேமிப்பு எங்கே?

இவ்வளவு பெரிய மரங்கள் நிற்கும் மண் மிகவும் சத்துள்ளது என்று தோன்றும் அல்லவா? பலர் அப்படி நினைத்து ஏமாந்திருக்கிறார்கள்.

மழைக் காட்டில் சத்தில் பெரும் பங்கு மண்ணின் அடியில் இல்லை. மரத்திலும் இலையிலும் இருக்கிறது. இலை கீழே விழுகிறது. கரையானும் புழுவும் காளானும் அதை மக்க வைக்கின்றன. மக்கிய சத்தை மரத்தின் மேல் வேர்கள் உடனே உறிஞ்சிக் கொள்கின்றன. மறுபடியும் அது இலையாகிறது. கை மாறிக் கைமாறி ஓடும் பணம் போல இந்தச் சத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்டியில் சேமிப்பு என்று அதிகம் இல்லை.

காட்டை வெட்டினால் என்ன ஆகும்? பணம் ஓடுவது நின்றுவிடும். இலை விழாது. வேர் பிடிக்காது. கனமழை மேல்மண்ணைக் கழுவிக் கடலில் சேர்க்கும்.

இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஊரில் இரண்டு விவசாயிகள். பெரியவர் பள்ளத்தாக்கில் பாக்கு வைத்திருக்கிறார். இளையவர் குன்றின் சரிவை வெட்டிச் சுத்தம் செய்து பாக்கு வைத்தார்.

"அண்ணே, உங்க தோட்டத்துக்குப் போட்ட அதே கன்றுதான் நானும் போட்டேன். அதே எருதான். முதல் மூன்று வருஷம் நல்லா வந்தது. இப்போ மட்டை மஞ்சளாப் போகுது. என்ன செய்வது?" என்று இளையவர் கேட்கிறார்.

"தம்பி, மழை பெய்யும்போது உன் தோட்டத்து ஓடையைப் பார்த்திருக்கிறாயா?" என்று பெரியவர் கேட்கிறார்.

"பார்த்திருக்கேன். செக்கச் செவேல்னு ஓடும்."

"அந்தச் சிவப்புதான் உன் எரு. அதுதான் உன் மண். வருஷா வருஷம் என் வயலுக்குக் கொஞ்சமும் கடலுக்கு மீதியுமாய் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்."

பெரியவர் சொன்னது சிரிப்பதற்கு மட்டும் அல்ல. கடலுக்குப் போகும் சேறு பவளப் பாறையின் மேல் படிகிறது. வெளிச்சம் இல்லாமல் பவளம் சாகிறது. பவளம் செத்தால் அதை நம்பி வாழும் மீன் குறைகிறது. மேட்டில் ஒருவர் வெட்டிய மரம் கடலில் வலை வீசுபவரின் அடுப்பைத் தொடுகிறது.

குடத்தோடு காத்திருப்பது ஏன்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

மழை பெரும்பாலும் மே மாதத்தில் இருந்து டிசம்பர் வரை பெய்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். தீவு சிறியது. சரிவு அதிகம். நீளமான பெரிய ஆறு அதிகம் இல்லை. மேட்டில் விழுந்த நீர் சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடும்.

அதைத் தடுத்து நிறுத்துவது யார்? காடுதான். முதலில் இலைகள் மழையின் வேகத்தை உடைக்கின்றன. கீழே கிடக்கும் சருகு தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சுகிறது. வேர் போன வழியே நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாகவும் ஓடையாகவும் வெளியே வருகிறது. மழை நின்று இரண்டு மாதம் ஆன பிறகும் ஓர் ஓடை ஓடுகிறது என்றால், அதன் மேலே எங்கோ ஒரு காடு இருக்கிறது என்று பொருள்.

போர்ட் பிளேயர் நகரத்துக்கு 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அந்த நகரம் குடிநீருக்குத் தனிகாரி அணையைப் பெரிதும் நம்பியிருக்கிறது. மழை குறைந்த ஆண்டுகளில் அணை வற்றி, தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள். மக்கள் தொகை கூடிவிட்டது. வீடு கூடிவிட்டது. விடுதி கூடிவிட்டது. மழைநீரைப் பிடித்து வைக்கும் நிலம் மட்டும் கூடவில்லை.

மனிதரின் கை

மண்ணும் மேடு பள்ளமும் காட்டை உருவாக்குவதைப் பார்த்தோம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது மனிதரின் கை.

அந்தமான் காட்டின் முதல் மக்கள் பழங்குடியினர். பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர் ஆகியோர் அந்தமானில் வாழ்கிறார்கள். நிக்கோபாரியரும் ஷொம்பென் மக்களும் நிக்கோபாரில் வாழ்கிறார்கள். அந்தமான் பழங்குடியினர் ஏர் பூட்டி உழுதவர்கள் அல்லர். வேட்டையாடி, மீன் பிடித்து, கிழங்கும் பழமும் தேனும் எடுத்து வாழ்ந்தார்கள்.

அவர்களும் நிலத்தில் அடையாளம் விட்டிருக்கிறார்கள். சிப்பியும் நத்தையும் தின்று ஓட்டை ஓரிடத்தில் போட்டார்கள். பன்றி எலும்பும் ஆமை எலும்பும் அங்கேயே விழுந்தன. அப்பா போட்ட இடத்தில் மகன் போட்டான். பேரன் போட்டான். பல தலைமுறையில் அது மேடு ஆனது. சில மேடுகள் ஆள் உயரத்துக்கும் அதிகம். அவற்றை ஆராய்ந்தவர்கள் சுமார் 2,000 ஆண்டுப் பழமையான அடையாளங்களைக் கண்டிருக்கிறார்கள். சிப்பி ஓடு என்பது சுண்ணாம்பு. அது கரைந்து மண்ணில் சேர்கிறது. அந்த இடத்தின் மண் சுற்றியுள்ள மண்ணைப் போல இருக்காது.

நிக்கோபார் பகுதியில் இன்னொன்றைப் பார்க்கலாம். நன்கௌரி, கமோர்ட்டா, தெரசா போன்ற தீவுகளின் உள் மேட்டில் புல்வெளிகள் இருக்கின்றன. இவ்வளவு மழையில் ஏன் புல்? அங்குள்ள களிமண் மரத்துக்கு உதவாத மண் என்று சிலர் சொல்கிறார்கள். மக்கள் வைத்த தீ காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். மண் பாதி, மனிதர் பாதி என்றும் சொல்வதுண்டு.

பிறகு வந்தவர்களின் கை பலமாக விழுந்தது. 1858-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆங்கிலேயர் 200 கைதிகளைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். முதல் வேலை என்ன? மரம் வெட்டுவதுதான். சாத்தம், ராஸ், வைப்பர் தீவுகளில் கைதிகள் விலங்கோடு காட்டை அழித்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் பலர் மாண்டார்கள். அந்த நகரத்தின் தரையில் அவர்களின் வியர்வை கலந்திருக்கிறது.

1883-ஆம் ஆண்டு சாத்தம் மர அறுவை ஆலை தொடங்கியது. யானைகள் மரம் இழுத்தன. படாக், கர்ஜன் மரங்கள் கப்பலேறின. பப்பீட்டா மரம் தீக்குச்சி ஆனது. 1925-ஆம் ஆண்டு பர்மாவில் இருந்து கரென் மக்கள் மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். ராஞ்சிப் பக்கத்தில் இருந்தும் உழைப்பாளிகள் வந்தார்கள்.

நாடு விடுதலை அடைந்தபின், 1949-ஆம் ஆண்டு முதல் கிழக்கு வங்காளத்தில் இருந்து அகதிக் குடும்பங்கள் வந்தன. பின்னர் தமிழ்நாடு, கேரளம் முதலிய இடங்களில் இருந்தும் மக்கள் வந்தார்கள். இலங்கையில் இருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 1969-ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர்கள் பெரிய நிக்கோபாரில் குடியேறினார்கள். இவர்கள் யாரும் ஆசைப்பட்டுக் காட்டை அழித்தவர்கள் அல்லர். பிழைப்புக்காக வந்தவர்கள். கொடுத்த நிலத்தைத் திருத்தி நெல் விளைத்தவர்கள். அந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதனால் காடு மாறியது என்பதையும் மறைக்க முடியாது.

வெட்டிய இடத்தில் மறுபடியும் காடு வரும். ஆனால் பழைய காடு அப்படியே வராது. வெளிச்சத்தை விரும்பும் மரங்கள் முதலில் முந்திக்கொள்ளும். நிழலில் மெதுவாக வளரும் மரங்கள் பின்தங்கும்.

மனிதர் கொண்டு வந்த விலங்குகளும் காட்டை மாற்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் புள்ளி மானைக் கொண்டு வந்து விட்டார்கள். இங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை. மான் பெருகியது. தீவுக்குத் தீவு நீந்தியது. முளைத்து வரும் மரக்கன்றுகளைத் தின்றது. பெரிய மரம் நிற்கிறது, ஆனால் அதன் குழந்தை இல்லை என்ற நிலை பல இடங்களில் உண்டானது. இன்டர்வியூ தீவில் ஒரு மர நிறுவனம் தொழிலை நிறுத்தியபோது யானைகளை அப்படியே விட்டுப் போனது. அவை காட்டு யானைகளாகி, மரப்பட்டையையும் மூங்கிலையும் பிரம்பையும் தின்று அந்தக் காட்டை மாற்றின.

2002-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. இயற்கையாக வளர்ந்த மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதைத் தடுத்தது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் வழி விட்டது. அன்று முதல் கோடரியின் வேகம் குறைந்தது.

கேள்வி அதோடு முடியவில்லை. பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் அமைக்கும் திட்டத்துக்கு 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. அதற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் குறிக்கப்பட்டிருக்கிறது. வேலையும் வருமானமும் வரும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஷொம்பென், நிக்கோபாரி மக்களின் வாழ்வும் காடும் போய்விடும் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டு, சிந்தித்துப் பேச வேண்டியது நாட்டு மக்களின் கடமை.

தூர தேசத்தில் ஒரு பாடம்

மண்ணில் மனிதர் விட்ட அடையாளம் எத்தனை காலம் நிற்கும்? இதற்கு ஒரு தூர தேசத்துக் கதை உண்டு.

அமெரிக்கக் கண்டத்தின் நடுவில் குவாத்தமாலா, மெக்சிகோ, பெலிசு என்ற நாடுகள் இருக்கின்றன. அங்கே மாயா என்ற மக்கள் வாழ்ந்தார்கள். கி.பி. 250 முதல் 900 வரை அவர்களின் பெருமை உச்சத்தில் இருந்தது. திக்கால் போன்ற பெரிய நகரங்களைக் கல்லால் கட்டினார்கள். சோளம் விளைத்தார்கள். சரிவுகளில் படிப்படியாக வரப்புக் கட்டினார்கள். சதுப்பில் வாய்க்கால் வெட்டி மேட்டுப் பாத்தி அமைத்தார்கள்.

பிறகு அந்த நகரங்கள் கைவிடப்பட்டன. காடு வந்து மூடியது. மாயா மக்கள் அழிந்துவிடவில்லை. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பல லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள்.

அந்தக் காட்டைப் பார்த்தவர்கள் மனிதர் தொடாத காடு என்று நினைத்தார்கள். அண்மையில் விமானத்தில் இருந்து ஒளிக்கதிரைப் பாய்ச்சி, மரங்களுக்குக் கீழே உள்ள தரையை அளந்தார்கள். 2018-ஆம் ஆண்டு முடிவு வெளியானது. குவாத்தமாலாவின் வடக்குக் காட்டில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட பழைய கட்டுமானங்கள் தெரிந்தன. வீடு, சாலை, வரப்பு, வாய்க்கால் எல்லாம் தெரிந்தன.

இன்னும் ஒன்று கவனியுங்கள். இடிந்த நகரங்களின் மேல் ராமோன் என்ற மரம் அடர்ந்து நிற்கிறது. அது நம் பலா மரத்தின் குடும்பம். அதன் கொட்டையை உண்ணலாம். மாயா மக்கள் வளர்த்ததால் அது அங்கே நிற்கிறதா? இடிந்த சுண்ணாம்புக் கல் அதற்குப் பிடித்ததால் நிற்கிறதா? இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எதுவானாலும் காரணம் அந்த மக்களின் கைதான். ஆயிரம் ஆண்டு கழிந்தும் காடு அதை மறக்கவில்லை.

அங்குள்ள ஏரிகளின் அடியில் தடித்த களிமண் படிவு இருக்கிறது. சரிவில் காட்டை வெட்டியபோது மழை கழுவிக் கொண்டு வந்த மண் அது. போன மண் மறுபடியும் மேட்டுக்கு ஏறவில்லை. ஆனால் வரப்புக் கட்டிய சரிவுகளில் மண் தங்கியது. ஒரே மக்கள் செய்த இரண்டு வேலைகள். ஒன்று மண்ணை இழந்தது. ஒன்று மண்ணைக் காத்தது.

நிலம் அசைந்த நாள்

மண்ணின் உயரம் கொஞ்சம் மாறினாலும் காடு மாறும். இதை இந்தத் தீவுகள் கண்ணால் கண்டன. அந்த நாளை யாரும் மறக்க மாட்டார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26.

அன்று சுனாமி வந்தது எல்லோருக்கும் தெரியும். தீவுகளின் தரையும் அன்று அசைந்தது. ஏற்றம் இறைக்கும் துலா போல, வடக்கு மேலே போனது. தெற்கு கீழே போனது. பெரிய நிக்கோபாரின் தெற்கு முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் சில கரைகள் உயர்ந்தன.

தெற்கில் அலையாத்திக் காடுகளில் கடல்நீர் ஏறியது, இறங்கவில்லை. மூச்சு வேர்கள் மூழ்கின. மரங்கள் நின்றபடியே செத்தன. வடக்கில் கடல்நீர் வந்து சேரவே இல்லை. அங்கும் மரங்கள் நின்றபடியே காய்ந்தன. ஒரு பக்கம் நீர் கூடிச் சாவு. மறு பக்கம் நீர் இல்லாமல் சாவு.

சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த வயல்கள் கடலாயின. காலையில் நாற்றைப் பார்த்தவர் மாலையில் அலையைப் பார்த்தார். தாத்தா காடு திருத்தி எடுத்த வயல், ஒரே நாளில் போனது. அந்தக் குடும்பங்களின் வேதனையைச் சொல்லி முடியாது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? மூழ்கிய சில வயல்களில் சில ஆண்டுகளில் கண்டல் விதைகள் மிதந்து வந்தன. சேற்றில் குத்தி நின்றன. புதிய அலையாத்திக் காடு வளரத் தொடங்கியது. யாரும் நடவில்லை. நிலம் தாழ்ந்தது, உப்பு வந்தது, அதற்கு ஏற்ற மரம் வந்தது. அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

காட்டை உருவாக்குவது மூன்று. மண், மேடு பள்ளம், மனிதரின் கை. முதல் இரண்டும் நம்மால் ஆகாதவை. மூன்றாவது நம்மிடம் இருக்கிறது.

சரிவில் தோட்டம் போடுபவர்கள் சரிவுக்குக் குறுக்கே வரப்புக் கட்டலாம். மேலிருந்து கீழாகப் பாத்தி வெட்டக் கூடாது. செங்குத்தான மேட்டில் மரங்களை விட்டுவைக்க வேண்டும். ஓடையின் இரு கரையிலும் உள்ள மரங்களைத் தொடக் கூடாது. சருகைக் கொளுத்தாமல் மரத்தின் அடியில் பரப்பலாம். மழைக்காலத்தில் வெறும் மண் தெரியாதபடி பயறோ புல்லோ மூடியிருக்க வேண்டும். கூரை நீரைத் தொட்டியில் பிடிக்கலாம். தாழ்வான இடத்தில் குட்டை வெட்டலாம். அலையாத்தி மரத்தை விறகுக்கு வெட்டாமல் இருக்கலாம்.

இவை பெரிய வேலைகள் அல்ல. ஆனால் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு யாராவது இந்தத் தீவின் மண்ணைத் தோண்டிப் பார்ப்பார்கள். மாயா மக்களைப் பற்றி இன்று நாம் பேசுவது போல நம்மைப் பற்றிப் பேசுவார்கள். "இவர்கள் மண்ணைக் கடலுக்கு அனுப்பியவர்கள்" என்று சொல்வார்களா? "இவர்கள் வரப்புக் கட்டியவர்கள்" என்று சொல்வார்களா? அதை முடிவு செய்வது இன்றைய மண்வெட்டி.

சிந்திக்க, கூடிப் பேச

உங்கள் ஊர் ஓடை எந்த மாதம் வற்றுகிறது? உங்கள் தாத்தா காலத்தில் எந்த மாதம் வற்றியது? மூத்தவர்களைக் கேளுங்கள்.

கனமழை பெய்யும்போது உங்கள் ஊர் ஓடை நீர் என்ன நிறம்? அந்த மண் யாருடைய தோட்டத்தில் இருந்து வருகிறது?

உங்கள் ஊரில் பள்ளத்தில் மட்டும் வளரும் மரம் எது? மேட்டில் மட்டும் வளரும் மரம் எது? பெயர்களை நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.